கடித்து வைத்த ரொட்டி

விருந்தாளிக்குப் பதினோரு நாள் சோறு போட்டவள் சனோபர். ரொட்டி மட்டும் கொடுத்தவள் லுத்ஃபியா. தெரு முழுக்கப் பேசியதோ ரொட்டியைப் பற்றி.

சனோபருக்கு இது புதிதல்ல. உஸ்பெகிஸ்தானில் இருக்கும் கோக்கண்டில் அந்த முற்றத்துக்கு அவள் மூத்த மருமகளாக வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷம் கழித்துக் கொழுந்தனுக்கு மனைவியாக லுத்ஃபியா வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. எதிரெதிரே இரண்டு வீடு, நடுவில் ஒரு முற்றம், ஒரு வாதுமைப் பழ மரம், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தந்தூர் அடுப்பு. மாவு ஒன்று, விறகு ஒன்று, அடுப்பும் ஒன்று. இருந்தும் லுத்ஃபியாவின் ரொட்டி பொன்னிறத்தில் உப்பி வரும். சனோபரின் ரொட்டி ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, தூக்கத்தில் எழுந்தவன் முகம் மாதிரி வரும்.

காரணம் ஊருக்கே தெரியும். சனோபர் இடக்கைக்காரி. அடுப்புக்குள் குனிந்து, மாவை உட்சுவரில் அறைந்து ஒட்டும்போது அவளுக்கு இடக்கைதான் முந்தும். மாமியார் உயிரோடு இருந்தவரை, "இடக்கையால ஒட்டின ரொட்டி யாரையும் வீட்டுக்குக் கொண்டாராது" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். பிறகு அவள் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

ஏனென்றால் அந்த ஊரில் ஒருவர் பயணம் கிளம்பினால், வாசலைத் தாண்டுமுன் ஒரு முழு ரொட்டியை ஒரே ஒரு கடி கடித்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மிச்சத்தைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார்கள். போனவர் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். அவருக்கு அந்த வீட்டில் ஒரு கடன் பாக்கி இருப்பதால் அல்லா எப்படியும் கொண்டுவந்து சேர்ப்பான் என்பது கணக்கு. லுத்ஃபியாவின் இரண்டு மகன்களும் வசந்தத்தில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போவார்கள், பனி விழத் தொடங்கியதும் வந்து நிற்பார்கள். வருஷா வருஷம் அவள் சுவரில் இரண்டு ரொட்டி ஏறும், இரண்டு ரொட்டி இறங்கும்.

சனோபரின் சுவரில் ஒரே ஒரு ரொட்டி. அவள் மகன் இல்ஹோம் கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன அன்று கடித்தது. ஏழு வருஷமாகத் தொங்குகிறது. கல்லாகிவிட்டது. கடித்த இடத்தில் அவன் பல் வரிசை இன்னும் தெரிகிறது. போனில் கேட்டால், "அடுத்த வருஷம்மா" என்பான். அடுத்த வருஷமும் அதையே சொல்வான். தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சனோபர் ரொட்டித் தட்டோடு நடக்கும்போது பார்வை அவள் இடக்கையில் விழுந்து எழும். அவளே ராத்திரி படுக்கையில் அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு படுப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் செப்டம்பரில் ரத்கா வந்து விழுந்தாள். நிஜமாகவே விழுந்தாள். பல்கேரியாவிலிருந்து முதுகில் ஒரு மூட்டையோடு தனியாக ஊர் சுற்ற வந்த அறுபத்தாறு வயதுப் பள்ளிக்கூட டீச்சர். குடிக்கத் தண்ணீர் கேட்டு சனோபர் வீட்டு வாசற்படி ஏறியவளுக்குக் கால் மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஓட்டலுக்குப் போகிறேன் என்றாள். சனோபரின் புருஷன் எர்காஷுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓட்டலா? என் வீட்டு வாசல்ல விழுந்துட்டு ஓட்டலுக்குப் போனா, நாளைக்கு நான் மசூதியில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? சொல்லு அவகிட்ட!"

சனோபர் சொன்னாள். தபால் ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்ததால் அவளுக்கு ரஷ்ய மொழி நன்றாக வரும். ரத்காவும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தவள். இரண்டு பேரும் முதல் நாளே தொணதொணவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சனோபர் அவள் காலுக்குக் கொழுப்பு தேய்த்துக் கட்டினாள். தினம் ஒரு சமையல் செய்தாள். பூசணி சம்சா, ஆட்டிறைச்சிச் சாறு, வெள்ளிக்கிழமை பிலாவ். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த புதுப் பட்டு மெத்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து போட்டுப் படுக்க வைத்தாள். ரத்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மா போனதுக்கு அப்புறம் என்னை யாரும் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல" என்றாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு சனோபருக்கு நெஞ்சு நிறைந்தது தெரியுமா?

அது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. மறுநாள் காலையில் லுத்ஃபியா ஒரு துணியில் சூடாக ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ரத்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சனோபரின் சம்சாவுக்கு அவள் கண்ணை மூடவில்லை. பிலாவுக்கும் மூடவில்லை. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியேதான் தின்றாள். அன்றிலிருந்து விடிந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நட்சத்திர ரொட்டி வந்துருச்சா?" என்பதுதான். ரொட்டியின் நடுப்பகுதி உப்பாமல் இருக்க, முள் வைத்த மர அச்சால் அதைக் குத்துவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அச்சு. சனோபரின் அச்சு குத்தினால் வளையம் விழும், லுத்ஃபியாவுடையது நட்சத்திரம். சனோபரின் வளைய ரொட்டியும் தினம் தட்டில் இருந்தது. ரத்கா மரியாதைக்கு ஒரு துண்டு எடுப்பாள்.

பத்தாவது நாள் சாயந்திரம் ரத்கா நொண்டாமல் முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். மறுநாள் காலை பத்து மணி ரயிலுக்குக் கிளம்புவதாக முடிவாயிற்று. அவளை முதல் நாள் ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்காமல் கூட்டிப்போன டாக்ஸிக்கார மாமுர் ரொட்டி கடிக்கும் வழக்கத்தைத் தன் அரைகுறை ரஷ்ய மொழியில் அவளுக்கு விளக்கிவைத்திருந்தான். கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரிக் கை தட்டினாள்.

"அப்ப நானும் கடிக்கணும்! நாளைக்கு அந்த நட்சத்திர ரொட்டியை!"

இதை லுத்ஃபியாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவள் யார்? சனோபரேதான். சொன்னாள். லுத்ஃபியா முகம் மலர்ந்துபோனது. சனோபருக்கு அந்த மலர்ச்சியை அப்படியே அடுப்பில் போட்டு மூடிவிடலாம் போல இருந்தது. 'மகன்தான் வரவில்லை. இந்த ஒருத்தியாவது என் கை ரொட்டியைக் கடித்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், இடக்கை என்று பேசும் வாய்களை அடைத்துவிடலாம். அதுவும் இவளுக்குத்தானா?' அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

விடிகாலைத் தொழுகை முடித்ததும் முதலில் அடுப்பைப் பற்றவைத்தவள் அவள்தான். லுத்ஃபியா மாவோடு வந்தாள்.

"நீ போயி விருந்தாளிக்குப் புதுசா பாலாடை வாங்கிட்டு வந்துரேன்" என்றாள் சனோபர். "பாலாடைன்னா அவளுக்கு உசிரு. அதுக்குள்ள நான் என் ரொட்டியை எடுத்துடுறேன். அப்புறம் நிம்மதியா நீ போட்டுக்கலாம்."

"நான் போறேன் அக்கா. நீங்க கால் வலின்னீங்களே" என்று லுத்ஃபியா போனாள். அந்தக் கரிசனம் வேறு சனோபருக்கு எரிச்சலாக இருந்தது.

அடுப்புத் திண்டின்மேல் நட்சத்திர அச்சு எப்போதும் போலக் கிடந்தது. சனோபர் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிஸ்மில்லா சொல்லலாமா என்று யோசித்தாள். திருட்டுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டாள். தன் மாவில் நன்றாக உருண்டையான ஒன்றை எடுத்து, நடுவில் லுத்ஃபியாவின் அச்சை வைத்து அழுத்தினாள். லுத்ஃபியா தூவுகிற மாதிரியே கருஞ்சீரகம் தூவினாள், லுத்ஃபியா பூசுகிற மாதிரியே பால் பூசினாள். இன்றைக்கு மட்டும் வலக்கையால் ஒட்டலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. 'வேண்டாம். என் கையால் போகட்டும். என் கையா, அவள் கையா பார்த்துவிடலாம்.' இடக்கையாலேயே ஓங்கி ஒட்டினாள். அச்சைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள்.

அவளுடைய கணக்கில் ஓட்டையே இல்லை. கடித்த ரொட்டி எந்த வீட்டிலிருந்து ஆள் கிளம்புகிறாரோ அந்த வீட்டுச் சுவரில்தான் தொங்கும். ரத்கா கிளம்புவது சனோபர் வீட்டிலிருந்து. கடிக்கப்போவதும் சனோபரின் ரொட்டி. நட்சத்திரத்தைப் பார்த்து லுத்ஃபியா சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும், பாவம்.

எட்டரை மணிக்கு வழியனுப்ப ஆட்கள் வந்துவிட்டார்கள். தரையில் விரிப்பு விரித்து, தேநீர், உலர் பழம், பாலாடை, ரொட்டி எல்லாம் பரப்பியாயிற்று. அந்தத் தெருவுக்கு மஹல்லா தலைவரான ஹோஷிம் நடுவில் உட்கார்ந்தார். மாமுர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். விருந்தாளி போகும்போது நாலு வார்த்தை பேச வேண்டும். ஊரைப் பற்றி என்ன தோன்றியது, யாரைப் பற்றி என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரத்கா எழுந்து நெஞ்சில் கை வைத்தாள். சனோபர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"நான் கிளம்புறப்ப என் தங்கச்சி சொன்னா, முஸ்லிம் நாட்டுக்குப் பொம்பளை தனியாப் போகாதேன்னு. ஊருக்குப் போயி அவகிட்ட சொல்லப்போறேன். நான் பயந்தது ஒரே ஒரு தடவைதான். மூணாவது தட்டு பிலாவ் வந்தப்ப."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எர்காஷ் தொடையில் தட்டிக்கொண்டார்.

"தாஷ்கண்ட்ல ஒருத்தர்கிட்ட வழி கேட்டேன். கடையைச் சாத்திட்டு என்கூடவே நடந்து வந்தார். சந்தையில ஒரு அம்மாகிட்ட முலாம்பழம் என்ன விலைன்னேன். அறுத்துக் கையில கொடுத்துட்டாங்க, விலையை மட்டும் சொல்லவே இல்ல. மாமுர் வண்டியில என்னை ஏத்தினதுக்கு நான் பணம் கொடுத்தா ஜன்னல் வழியா என் மடியிலயே திருப்பிப் போட்டார்."

மாமுர் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.

"எங்க ஊர்ல என் வீட்டுக் கதவுக்கு மூணு பூட்டு. எதிர் வீட்ல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. இங்க பதினோரு நாளா சனோபர் வீட்டுக் கதவு பகல்ல சாத்தி நான் பாக்கல. உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

இதை மொழிபெயர்க்கும்போது சனோபருக்குச் சிரிப்பு வந்தது. 'இவளுக்குப் பொறாமையாம்! பொறாமை என்றால் என்னவென்று என்னிடம் வந்து கேட்கட்டும்.'

அடுத்ததாக ரத்கா லுத்ஃபியாவின் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினாள். காலையில் அந்த ரொட்டியின் வாசம் வந்தால் தன் வயது மறந்துவிடுகிறது, இந்த நாட்டை நினைக்கும்போதெல்லாம் தன் வாயில் அந்த ரொட்டியின் ருசிதான் வரும், லுத்ஃபியாவின் கைக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். சனோபர் கேட்டு முடித்துத் தொண்டையைச் செருமினாள்.

"ரொட்டியும் நல்லா இருந்துச்சாம்."

ஹோஷிம் சோவியத் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கும் ரஷ்ய மொழி தெரியும். தாடியைத் தடவிக்கொண்டார். "ஏம்மா சனோபர், அவங்க அதைவிடக் கொஞ்சம் நீளமாச் சொன்ன மாதிரி இருந்துச்சே?"

வேறு வழியில்லை. கையில் முத்தம் வரைக்கும் சனோபர் தன் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. லுத்ஃபியா கைகளை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். சனோபரைப் பற்றியும் ரத்கா கடைசியில், "சனோபர் எனக்கு வீடு" என்று சொன்னாள். அதையும் சனோபர் மொழிபெயர்த்தாள், ஆனால் அது அவள் காதில் ஏறவே இல்லை. வீடா? வீடு எல்லாருக்கும்தான் இருக்கிறது. கண்ணை மூடினாளா இல்லையா?

ரொட்டித் தட்டில், ரத்காவின் கை எட்டுகிற இடத்தில், தன் ரொட்டியை வைத்திருந்தாள் சனோபர். அதற்குள் லுத்ஃபியா சுட்டு எடுத்தவை அடியில் கிடந்தன. ரத்கா மேலே இருந்த நட்சத்திரத்தை எடுத்தாள். பிஸ்மில்லா சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். வாசற்படியில் நின்று ஒரு கடி கடித்தாள். மென்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

சனோபருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'மூடினாள்! என் ரொட்டிக்கு மூடினாள்!' கூவ வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ரொட்டியை வாங்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து எர்காஷுக்கு நியாய உணர்வு பொங்கியது. அவர் முந்தி வாங்கி, ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நட்சத்திரம், லுத்ஃபியாவோட ரொட்டி. இவ்வளவு நாள் விருந்தாளி நம்ம வீட்ல இருந்த பாக்கியம் நமக்குக் கிடைச்சுது. ரொட்டியாவது தம்பி வீட்டுச் சுவத்துல தொங்கட்டும். என்ன ஹோஷிம் அண்ணே, சரிதானே?"

"மூத்தவன்னா இப்படி இருக்கணும்" என்றார் ஹோஷிம்.

எர்காஷ் பூரித்துப்போய் ரொட்டியை லுத்ஃபியாவின் கையில் கொடுத்தார். சனோபரின் கை நீட்டியபடியே நின்றது. என்ன சொல்வாள்? அது என் ரொட்டி என்பாளா? நட்சத்திரம் எப்படி வந்தது என்று கேட்டால்? முப்பத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் தனக்கு ஒரு நல்லது செய்யத் தேர்ந்தெடுத்த நாள் எது பார் என்று அவருடைய தொப்பியை வெறித்துக்கொண்டு நின்றாள். லுத்ஃபியா ரொட்டியின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து சனோபரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டாள்.

அந்தக் குளிர்காலத்தை சனோபர் எப்படிக் கடத்தினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தினம் எதிர்வீட்டுக்குப் போவாள். உப்பு கேட்பாள், ஊசி கேட்பாள். கண் மட்டும் சுவருக்குப் போகும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ரொட்டி, தூசி படாமல் மெல்லிய துணி போர்த்திக்கொண்டு, ராணி மாதிரித் தொங்கும். தான் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் வளர்ப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. லுத்ஃபியாவின் மகன்கள் வந்தார்கள், அவரவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள், வசந்தத்தில் மறுபடி கடித்து வைத்துவிட்டுப் போனார்கள். இல்ஹோம், "அடுத்த வருஷம்மா" என்றான்.

மே மாதக் கடைசியில் சனோபரின் போனுக்கு ரத்காவின் செய்தி வந்தது. வாதுமைப் பழம் பழுக்கும்போது வருகிறாளாம். பாக்கி ரொட்டியைத் தின்ன வருகிறாளாம்.

சனோபர் முற்றத்தில் நின்று தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்தம்கூடக் கொடுத்தாள், யாரும் பார்க்கவில்லை. ஆனால் சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க வேறு பேச்சு. "லுத்ஃபியா கைராசி பாத்தியா! பல்கேரியாவுலேருந்து இழுத்துட்டு வருது!" ரொட்டிக் கடைக்காரன்கூட லுத்ஃபியாவிடம் சலாம் சொல்லிவிட்டு, "அக்கா, என் மச்சான் துருக்கிக்குப் போறான், ஒரு ரொட்டி சுட்டுக் கொடுங்க" என்று கேட்டானாம். சனோபருக்கு ஜுரமே வந்துவிட்டது.

ஜூனில் ரத்கா வந்தாள். இந்தத் தடவை வாசற்படியைப் பார்த்து ஏறினாள். சனோபரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எல்லாரும் லுத்ஃபியாவின் வீட்டில் கூடினார்கள். எர்காஷ் ரொட்டியை ஆணியிலிருந்து இறக்கினார். அது கத்திக்கு மசியவில்லை. சுத்தியலால் தட்டித்தான் உடைக்க வேண்டியிருந்தது. ரத்கா ஒவ்வொரு துண்டாகத் தேநீரில் ஊறவைத்துத் தின்றாள், ஒரு பொருக்குகூட விடவில்லை.

ஹோஷிம் திருப்தியாகத் தாடியைத் தடவினார். "நல்ல வலக்கை. பாருங்க, ஆளைக் கொண்டாந்து சேத்துடுச்சு. சில கை இருக்கு, எட்டு வருஷமா ரொட்டி தொங்கிக்கிட்டே..." சொல்லும்போதே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்து நிறுத்தினார். நிறுத்தினதுதான் இன்னும் மோசம்.

சனோபர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'சொல்லிவிடுகிறேன். திருடினேன் என்றே சொல்லிவிடுகிறேன். அவமானம் ஆனால் ஆகட்டும். இந்தக் கையை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.' வாயைத் திறந்தாள்.

"அந்த ரொட்டி நான் சுட்டதில்ல" என்றாள் லுத்ஃபியா.

எல்லாத் தலையும் திரும்பியது.

"சனோபர் அக்கா சுட்டது. அன்னைக்கு நான் பாலாடை வாங்கப் போகணும், நேரமில்ல. என் அச்சைக் கொடுத்து, நீங்களே ஒண்ணு குத்திப் போட்டுடுங்க அக்கான்னேன். மாமா என் கையில கொடுத்தப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுதுதான்."

"அப்ப இடக்கையா?" என்றான் மாமுர்.

"இடக்கைதான். உனக்கு என்ன இப்ப?" என்றாள் லுத்ஃபியா.

ஹோஷிம் எழுந்து வந்து சனோபருக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். ரத்கா அவள் இடக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டு வருஷமாக சனோபர் ஏங்கியது எல்லாம் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. கிடைத்ததா? போகும்போது ஒவ்வொருவராக லுத்ஃபியாவைப் பார்த்து, "என்ன மனசும்மா உனக்கு! வேற யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். உண்மையைச் சொல்கிற பேரையும் அவளே முந்திக்கொண்டாள். அதுவும் ஒரு பொய்யைச் சேர்த்து, சனோபரின் மானத்தையும் காப்பாற்றி. இதற்கு மேல் ஒரு மனுஷி எரிச்சல் மூட்ட முடியுமா?

முற்றத்துக் குழாயடியில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார்கள். சனோபர் கொஞ்ச நேரம் ஒரு கிண்ணத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"கையில வாங்கினதுமே தெரியும். முப்பது வருஷமா உங்க ரொட்டியைத் தின்னுறேன். தடிச்ச பக்கம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டி வாயைத் திறக்கல? பெரிய மனசா?"

"என்ன பெரிய மனசு?" லுத்ஃபியா பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள். "எரிச்சல்தான். பதினோரு நாளா அவ உங்களையே கட்டிக்கிட்டுக் கிடந்தா. ரெண்டு பேரும் ரஷ்ய மொழியில குசுகுசுன்னு பேசுவீங்க, சிரிப்பீங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ரொட்டியைக் கொடுத்துட்டு வாசல்ல பே பேன்னு நிப்பேன். வீடுன்னா அவ சனோபர்ங்கிறா. நான் யாரு? ரொட்டிக்காரி. அந்த ஒரு ரொட்டியாவது என் சுவத்துல தொங்கட்டுமேன்னு வாங்கிட்டுப் போனேன். சரி, தொங்குச்சு. பாக்குறப்பல்லாம் எரிஞ்சுது. இதுவும் அவ சுட்டதுதானேன்னு."

சனோபர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நிஜமாவா?"

"பின்ன?"

"தினமுமா?"

"தினமும்தான்."

"காலையில எந்திரிச்சதுமேவா?"

"கடிகாரம் பக்கத்துல மாட்டினேனே, புத்தி கெட்டவ! மணி பாக்குறப்பல்லாம் எரிஞ்சுது."

சனோபருக்கு வயிறு குளிர்ந்தது. அத்தனை வருஷத்தில் லுத்ஃபியா சுட்ட எந்த ரொட்டியும் அவளுக்கு அவ்வளவு ருசித்ததில்லை. அடக்க முடியாமல் சிரித்தாள். லுத்ஃபியா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் முக்காடு நழுவச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க கைல ஒரு குத்தமும் இல்ல அக்கா" என்றாள் லுத்ஃபியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ்வளவு தூரத்துலேருந்து கொண்டாந்துச்சே."

நல்லதற்குத்தான் சொன்னாள். சனோபரின் சிரிப்பு அங்கேயே நின்றது.

பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு அவள் தன் வீட்டுக்குள் போனாள். இல்ஹோமின் ரொட்டியை ஆணியிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் ரத்கா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. யார் பெற்ற பிள்ளையோ, யாருக்கு உறவோ, ஒரு ரொட்டிக்காக வந்துவிட்டாள். அவளை நினைத்தும் சனோபருக்கு இப்போது எரிந்தது. மகன் பல் பட்ட இடத்தை விரலால் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து, குரலைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினாள்.

"இல்ஹோம், அம்மா பேசறேன். அந்த பல்கேரியாக்காரி வந்துட்டாடா. நான் சுட்ட ரொட்டியைத் தின்னு முடிச்சிட்டா. ஊரே பாத்துச்சு. இவ்வளவு வருஷமா என் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி நெனச்சுக்கறது எனக்கு சௌகரியமா இருந்துச்சு. இப்ப கை நல்ல கைன்னு ஆயிப்போச்சு. இனிமே கையச் சொல்ல முடியாதுடா. நீதான் வரல."

அனுப்பிவிட்டு, ரொட்டியின் தூசியை முக்காட்டு நுனியால் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.